பொடவிலிருந்து வந்த இருட்டு

வெள்ளக்கரட்டுப் பொடவுக்குள்ளிருந்து கோகிலவாணி ஒரு சிலந்தியைக் குப்பியில் பிடித்துக்கொண்டு இறங்கிய அன்று, பொடவிலிருந்த இருட்டும் பின்னாலேயே கிளம்பி, கன்றுக்குட்டி மாதிரி அவளை ஒட்டிக்கொண்டு, கரட்டை விட்டு இறங்கி, சோளக்காட்டு வரப்பெல்லாம் தாண்டி, நாச்சிவலசு போகும் டவுன் பஸ்ஸில் அவளோடு ஏறிவிட்டது. குகையைத்தான் அந்தப் பக்கத்து ஜனம் பொடவு என்று சொல்லும். அவள் மடியிலிருந்த வயர்கூடை இருந்த இடமே தெரியவில்லை, அண்டா அளவுக்குக் கறுப்பாக என்னவோ உட்கார்ந்திருந்தது, பக்கத்து சீட்டுக்காரரின் முழங்கை அதற்குள் பாதி காணாமல் போயிருந்தது. கண்டக்டர் வந்து பார்த்தார்.

"கூடைக்குள்ள என்னங்க டீச்சர்?"

"சிலந்திங்க."

"அது செரி. சுத்தி இருக்கறது?"

"இருட்டுங்க."

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். சிலந்திக்குச் சீட்டு வேண்டியதில்லை, ஆனால் இருட்டு இடத்தை அடைக்கிறது, அதனால் லக்கேஜ் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று சொல்லி, சீட்டைக் கிழித்து, அந்தக் கறுப்புக்குள் கையைவிட்டு அவள் விரலைத் தேடிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். முழங்கை காணாமல் போனவர் மட்டும் இறங்குகிற வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சிலந்தியை அவள் கண்ணால் பார்த்தது கண்ணிமைக்கிற நேரம்தான். பொடவின் கடைக்கோடியில், எந்த டார்ச்சு வெளிச்சமும் செத்துப்போகிற இடத்தில், பாறையில் கையை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தபோது நகத்தின்மேல் ஏதோ ஊர்ந்து ஏறியது. குப்பிக்குள் விட்டு மூடி, தவழ்ந்து தவழ்ந்து வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். இருட்டு பின்னாலிருந்து வந்து சேர்வதற்குள் பார்த்துவிட்டாள். கடுகைவிடச் சின்னது. அரிசி களைந்த தண்ணீர் நிறம். கண் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று சும்மா இருந்தது. அடேயப்பா, அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவேண்டுமே! நாற்பது வயதுப் பொம்பளை, பொடவு வாசலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிக்கமாட்டாளா பின்னே. பக்கத்து டவுன் காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள், எத்தனையோ வருஷமாகத் தற்காலிகம். கூடப் படித்தவர்களெல்லாம் நிரந்தரமாகி, வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் காது குத்தி முடித்துவிட்டார்கள். இவள் ஒவ்வொரு ஆனிக்கும் அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று அலுவலக வாசலில் போய் நிற்கிறாள். டாக்டர் பட்டம் முடிந்தால் நிரந்தரம். பட்டத்துக்கு வழிகாட்டி பேராசிரியர் ஆளவந்தாரோ, புதுசாக ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டு வா, பழசையே எத்தனை பேர் அரைப்பது என்று கையை விரித்துவிட்டார். அந்தக் கரட்டில் பொடவுச் சிலந்தி என்று இதுவரை ஒருத்தரும் எடுத்ததில்லை. எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, காலை அளந்து, மயிரை எண்ணி, எல்லாவற்றுக்கும் மேலாக அடிவயிற்றில் இருக்கிற பெண்குறியின் வடிவத்தைப் படமாக வரைந்து, இது வேறெதுவும் இல்லை, புதுசுதான் என்று எழுதி அச்சேற்றி ஒரு பெயர் வைத்துவிட்டால், உலகம் உள்ள மட்டும் அந்தப் பெயர் நிற்கும். சிலந்தியில் இனத்துக்கு இனம் அந்த ஓர் உறுப்புதான் மாறும், கைரேகை மாதிரி. அதைப் பார்க்காமல் ஒரு வரி எழுத முடியாது.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். நாச்சிவலசில் தறிக்காரர் வீதியில் அவள் இருந்தது ஒரு லைன் வீடு, முன்னறை, பின்னறை, அவ்வளவுதான். பின்னறை அலமாரியில் குப்பியை வைத்ததும் இருட்டு கூடையை விட்டு இறங்கி, சோம்பல் முறித்து, நான்கு சுவர் வரைக்கும் நிரம்பி, வாசப்படிக்கு வந்ததும் அறுத்து வைத்தாற்போல நின்றுகொண்டது. பட்டப்பகல். ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியிலிருந்து வெயில் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து, உள்ளே வர யோசித்தது. பல்பைப் போட்டாள், சுவிட்சு சத்தம் கேட்டது, வெளிச்சம் வரவில்லை. மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணுமில்லீங்க, கரண்டு உள்ள போகுது, மீட்டரும் ஓடுது. உள்ள போயி என்ன பண்ணுதுன்னு எங்களக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குப்பியை முன்னறைக்கு எடுத்து வந்தால் இருட்டும் முன்னறைக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் மைக்ராஸ்கோப் மறைந்தது. அவள் வெறுத்துப்போய், இந்தச் சனியன் வேண்டாம், வேறொன்று பிடித்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் கரடு ஏறினாள். ஏறினால், பொடவு கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று கிடக்கிறது! கடைக்கோடி வரைக்கும் வெளிச்சம். ஆடு மேய்க்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வவ்வால்களெல்லாம் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டிருந்தன. பொடவு முழுக்கத் தேடியும் ஒரு சிலந்திகூட இல்லை. அத்தனை இருட்டும் அந்த ஒரே ஓர் உயிருக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? முதல் வாரம் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தது. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து, வாசப்படியில் திருநீறு தூவி, ஒரு கையை உள்ளேவிட்டு எடுத்து முகர்ந்து, "அம்மன் கருவறையிலயும் இதே இருட்டுத்தான், என்ன, அங்க எண்ணெ வாசம் சேந்து வரும்," என்று சான்று கொடுத்தார். இரண்டாவது வாரம், நைட் ஷிப்ட் முடித்த தறிக்காரர் ஒருவர் கூச்சப்பட்டுக்கொண்டே வந்தார். "ஏனுங் டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எங்கூட்ல மேல தகரம். பகல்ல கண்ண மூடுனாலும் வெளிச்சம் இமையக் குத்துது. சித்தெ நேரம் உள்ள படுத்துக்கட்டுங்களா?" பாவமாக இருந்தது, விட்டாள். அந்த மனுஷன் பொழுது சாய எழுந்து வந்து, கல்யாணமானதிலிருந்து இப்படித் தூங்கினதில்லை என்று வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் கேட்கவா வேண்டும். நைட் ஷிப்ட் முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தூங்குகிறவர்கள் மட்டுமா. மாமியாருக்கு முன்னால் அழமுடியாத மருமகள்கள், அழுவதற்கென்று வந்தார்கள். மருமகளுக்கு முன்னால் அழமுடியாத மாமியார்களும் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். நிச்சயம் பண்ணி வைத்திருந்த பையனும் பொண்ணும் வந்து, முகம் பார்க்காமல் பேசிப் பார்த்துவிட்டு, ஒத்துவராது என்று முடிவு செய்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் நிம்மதியாகப் போனார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் வந்து, தன் கடைத் துவரம்பருப்பில் என்னென்ன கலக்கிறார் என்பதை இருட்டிடம் உரக்கச் சொல்லிவிட்டு, மனசு லேசாகி, திரும்பப் போய் அதையே கலந்தார். ஒரு மூலையில் யாரோ வைக்கோலைப் பரப்பிக் காளான் போட்டு, அது மல்லிகை மாதிரி மொட்டு விட்டது. எதிர்த்தாற்போல ஒரு டீக்கடையும் முளைத்தது. நாச்சிவலசுக்காரர்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். இராத்திரி பகலாகத் தறி அடிக்கிற சத்தத்தைப் பழகிய காதுகள் அவை. இருட்டு அவர்களுக்கு ஒரு பெரிய விஷயமாகவே இல்லை.

ஆளவந்தார் போனில் சத்தம் போட்டார். இருட்டைக் கேட்டு அவரும் ஆச்சரியப்படவில்லை. "குகை உயிரினா அப்படித்தாம்மா இருக்கும். இதுவரைக்கும் யாரும் எழுதலை, அவ்வளவுதான். ஸ்பிரிட்ல போடு. செத்ததும் வெளிச்சம் வந்துரும். அப்புறம் வரைஞ்சுக்க."

"போடறேன் சார்," என்றாள். போடவில்லை. போடாததற்குக் காரணம் பூவாத்தா.

பூவாத்தா வீதிக் கடைசி வீட்டுக்காரி, முப்பது வயதிருக்கும், தறிக்குடோனில் நூலைத் தார் என்கிற குச்சியில் சுற்றுகிற வேலை. அவள் புருஷன் சென்னியப்பன் தறி மெக்கானிக். நல்ல கைராசி, எந்தத் தறி நின்றாலும் அவன் தொட்டால் ஓடும், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான், வீதியில் எல்லோருக்கும் அவன் தங்கமான பையன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கையில் கிடைத்ததை எடுத்து அவளை அடிப்பான். குடிப்பழக்கம் கிடையாது. குடித்தாலாவது அதன்மேல் பழியைப் போடலாம், அந்த வசதியும் அவளுக்கு இல்லை. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வீதி சொல்லும். தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் வீதிக்குக் கேட்டதில்லை.

ஒரு நாள் அவள் உடைந்த விலா எலும்போடு வந்து அந்த இருட்டுக்குள் உட்கார்ந்தாள். பிறகு போகவே இல்லை. ஒரு பாய், சோற்றுக்கு ஒரு போசி, ஒரு சீப்பு. கோகிலவாணி சோற்றைப் போட்டு வாசப்படிக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பாள், ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். சென்னியப்பன் வந்து படியில் நின்று, தேன் ஒழுகுகிற குரலில், "பூவு... பூவு கண்ணு... வா, ஊட்டுக்குப் போலாம். இனிமே ஒண்ணும் பண்ணமாட்டேன்," என்பான். உள்ளே போய்த் துழாவினால் தூங்குகிற ஆண்களின் காலில் தடுக்கி விழுந்து திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வருவான். ஒருதரம் அவன் கூப்பிட்ட கூப்பாட்டுக்குப் பழக்கதோஷத்தில் அவள் "என்னுங்க" என்றுவிட்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் நேராகப் போய் அவள் முடியைப் பிடித்துவிட்டான். தூங்கினவர்கள் எழுந்து, இருட்டில் யாரை யார் பிடிப்பது என்று தெரியாமல் இழுத்த இழுப்பில் எப்படியோ தப்பித்தாள்.

அன்றைக்குத்தான் கோகிலவாணி ஒரு சட்டம் போட்டாள். உள்ளே யாரும் யார் பெயரையும் சொல்லக்கூடாது. வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும், அப்பனே வந்து கூப்பிட்டாலும், கடவுளே வந்து கூப்பிட்டாலும், உள்ளே இருக்கிறவர்கள் பதில் சொல்லக்கூடாது. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. யாருக்குத்தான் பயந்து ஒளிந்துகொள்ள ஓர் ஆள் இல்லை! சென்னியப்பன் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தான். வேலைக்குப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். வாசலைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பான். கோகிலவாணியைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைப்பான்.

சாயங்காலங்களில், தூங்கினவர்கள் ஷிப்டுக்குப் போன பிறகு, கோகிலவாணி இருட்டுக்குள் போய்ப் பூவாத்தா பக்கத்தில் உட்காருவாள். முகம் தெரியாததால் எல்லாவற்றையும் பேசிக்கொள்ள முடிந்தது. தன் வயது, தன் தற்காலிகம், பெண் பார்க்க வந்தவன் சிலந்தியின் எதைப் படம் வரைகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்து போன கதை, எல்லாவற்றையும் சொன்னாள். பூவாத்தா அந்த வலியோடும் விழுந்து விழுந்து சிரித்தாள். குப்பியின் மூடியைத் திறந்து, கொசுவைப் பிடித்துச் சிலந்திக்குப் போடுவது அவள்தான். "என்ற மணிக்கட்டு மேல நடக்குதுங்க்கா. கூசுது. இதுக்குக் கண்ணே இல்லைங்கறீங்க, வழி எப்படித்தான் கண்டுபிடிக்குதோ," என்பாள். திருமணமான நாளிலிருந்து தன்மேல் பட்டதிலேயே மெத்தென்று பட்டது இது ஒன்றுதான் என்றும் சொன்னாள். கோகிலவாணி இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நீ இங்க இருக்கற வரைக்கும் இதை நான் கொல்லமாட்டேன் பூவாத்தா. சத்தியம்," என்றாள். அந்த நிமிஷத்தில் அது உண்மையான சத்தியம். அதில் சந்தேகமே வேண்டாம்.

பங்குனி பிறந்தது. ஆளவந்தார் மறுபடியும் கூப்பிட்டார். வடக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்து பக்கத்து மலைப் பொடவுகளில் இறங்கியிருக்கிறார்களாம். அவர்கள் கையிலும் கண்ணில்லாத சிலந்தி ஒன்று சிக்கியிருக்கிறதாம். "முதல்ல அச்சுல போடறவன் வைக்கற பேருதான் நிக்கும். ரெண்டாவது வந்தா நீ கண்டுபிடிச்சதே இல்லைன்னு அர்த்தம். காலேஜ்ல நிரந்தர இடம் ஒண்ணு காலியாகுது தெரியுமில்ல? உன் இருட்டுக்கு வேலை போட்டுத் தருவாங்களா?"

போனை வைத்துவிட்டு அவள் நெடுநேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாவுக்கு ஒரு வீடு பார்த்துக்கொடுக்கலாம், டவுனில் விடுதி இருக்கிறது, ஆதரவற்றோர் இல்லம் இருக்கிறது, ஆளவந்தாரிடம் சொல்லி ஒரு வக்கீலைப் பிடிக்கலாம். எல்லாம் யோசித்தாள். யோசித்ததில் ஒன்றுக்காவது எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும், அந்த நாளுக்குள் வடக்கத்திக்காரன் அச்சுக்குக் கொடுத்துவிடுவான் என்றது மனசு. பாவி மனசு, அது கணக்குப் போட உட்கார்ந்தால் எப்போதும் சொந்தக்காரனுக்குச் சாதகமாகத்தான் போடும். அது மட்டுமா, பூவாத்தா இப்போதெல்லாம் விடிந்தும் விடியாமலும் கொல்லைப்பக்கமாகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறாள், அவள் வெளியே போன நேரம் பார்த்துச் செய்துவிட்டால், சத்தியத்தை மீறினதாகவும் ஆகாது, அவள் திரும்பி வந்தால் கையைப் பிடித்து அப்படியே பஸ் ஏற்றிவிடலாம் என்றும் அது சொன்னது.

மறுநாள் காலையில் தறிக்காரர்கள் வருவதற்கு முன்னால், கையில் ஸ்பிரிட் பாட்டிலோடு வாசப்படியில் வந்து நின்றாள். வீதி வாசல் வழியே எதிர் டீக்கடை திறந்திருப்பது தெரிந்தது. பெஞ்சில் சென்னியப்பன் இருந்தான்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

எப்படி வரும்? கடவுளே வந்து கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவளே இவள்தானே. அந்த அறையின் மௌனத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று நாச்சிவலசில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். படியைத் தாண்டி உள்ளே போனாள். இடது பக்கச் சுவரோரம், பாய் கிடக்கிற இடத்தில், சின்னதாக ஒரு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலடி கேட்டதும் அது நின்றது. ஓடுகிற மூச்சாவது காதுக்குத் தப்பிப்போகும், அடக்கின மூச்சு அப்படித் தப்பாது. கோகிலவாணி அலமாரியைத் தடவினாள், குப்பியை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், யாரும் இல்லை என்று தனக்குத் தானே வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஸ்பிரிட்டை ஊற்றினாள்.

இருட்டு போய்விட்டது.

காலை வெயில் ஜன்னல் வழியாக மொத்தமாக வந்து விழுந்தது. காளானெல்லாம் வெளேரென்று தெரிந்தது. பாயின்மேல் பூவாத்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பொடவிலிருந்து வந்தவள் மாதிரி வெளுத்துப்போய், தலைமயிர் சிக்கேறி, கண்ணைத் திறக்க முடியாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. கோகிலவாணி அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. நெற்றியில் இருந்த தழும்பை அன்றைக்குத்தான் பார்த்தாள். "அக்கா, என்னுங்க்கா ஆச்சு? எனக்குக் கண்ணு தெரியல," என்றாள் பூவாத்தா. எழுந்து ஓடியிருப்பாள், கண் தெரிந்திருந்தால். அதற்குள் சென்னியப்பன் குடித்துக்கொண்டிருந்த டீயை மீதி வைக்காமல் குடித்து, தம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வீதியைத் தாண்டி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மணிக்கட்டைப் பிடித்தான். "வா கண்ணு," என்றான். அவ்வளவு மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த இருட்டில் அழுதவர்கள், தூங்கினவர்கள் எல்லோரும் வீதியின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நடுவில் நாம் யார் என்றார்கள். கோகிலவாணியும் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசப்படியில் நின்று பார்த்தாள்.

அன்றைக்கே மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள், ஆனால் வைத்த பிறகு அழுகை நின்றுவிட்டது. அப்படியொரு அழகு. ஒவ்வொரு காலும் உடம்பைப் போல மும்மடங்கு நீளம், கண்ணாடியில் செய்த மாதிரி. அடிவயிற்றில் அந்த உறுப்பு, உலகத்தில் இதுவரை ஒருத்தரும் வரையாத வடிவம், இரண்டு சங்கு எதிரெதிராகப் படுத்திருப்பதுபோல. புதுசுதான். சந்தேகமேயில்லை. இரவு பகலாக வரைந்தாள், எழுதினாள். ஆளவந்தார் தன் பெயரை முதலிலும் அவள் பெயரைப் பின்னாலும் போட்டு அனுப்பினார். வடக்கத்திக்காரர்களுக்கு முன்னால் அச்சேறியது. இனப் பெயர் வைக்கிற இடத்தில் அவள் யாரையும் கேட்கவில்லை, பூவாத்தே என்று வைத்தாள். பூவாத்தாவுக்கு உரியது என்று லத்தீனில் அதற்கு அர்த்தம். பெயர்க் காரணம் என்கிற பத்தியில், இந்த உயிர் இருந்தபோது இதற்கு உணவளித்துக் காத்த நாச்சிவலசு பூவாத்தாவைப் போற்றி, என்று எழுதினாள். எழுதினபோது தான் ஏதோ பெரிய கடனைத் தீர்த்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அந்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினாள்.

ஊருக்கு இருட்டு போனதில் வருத்தம்தான். ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தார்கள், கறுப்புப் பெயின்டு அடித்துப் பார்த்தார்கள், அது வெறும் நிழலாகத்தான் இருந்தது, அதில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. பொடவிலும் வெளிச்சம் வெளிச்சமாகவே நின்றுவிட்டது. வந்து போகிற இருட்டைப் பூவாத்தா குடியிருக்கிற இருட்டாக ஆக்கிவிட்டாள், அதனால்தான் அது கெட்டுப்போய்விட்டது என்று மெல்லப் பேச ஆரம்பித்து, ஒரு மாதத்துக்குள் வீதி முழுக்க அதையே சத்தியம் போலச் சொன்னது. கோகிலவாணியை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவள், அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவளுக்கு நிரந்தரமானபோது வீதி முனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவள் படமும், எங்கிருந்தோ எடுத்துப்போட்ட ஒரு பெரிய மயிர்ச் சிலந்தியின் படமும் இருந்தன. கீழே வாழ்த்துவோர் வரிசையில் சென்னியப்பன் பெயரும் இருந்தது.

அச்சான தாளை எடுத்துக்கொண்டு ஆவணியில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, எப்படியாவது அதைப் பூவாத்தா கையில் கொடுத்துவிடவேண்டும் என்று மனசு அரித்தது. சென்னியப்பன் எழுந்து நின்று, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டான். வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் டியூப்லைட்டு. சுவருக்குச் சுவர், மூலைக்கு மூலை, கட்டிலுக்கு அடியில்கூட ஒன்று, பட்டப்பகலில் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. "அவளுக்கு இருட்டுன்னா பயமுங்க. அதான் அணைக்கறதே இல்லை," என்றான். ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து பூவாத்தா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

சென்னியப்பன் தாளை வாங்கிப் புரட்டி, பொண்டாட்டியின் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டு பூரித்துப்போனான். "லேமினேசன் பண்ணி மாட்டிருவோமுங்க," என்று சொல்லிவிட்டு, டீ வாங்கிவரச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பூவாத்தா சக்கரத்தை நிறுத்தினாள்.

"அந்தப் பூச்சி செத்துருச்சுங்களா, அக்கா?"

"ஆமா."

"செத்ததுக்குத்தான் எம்பேரா?"

"அப்படி இல்ல பூவாத்தா... அந்த ஒண்ணுதான் இருந்துச்சு. இனிமே அந்த இனத்தைப் பத்தி யார் பேசுனாலும் உம்பேரைச் சொல்லித்தான் பேசணும். எப்பவுமே."

"இனமே இல்லையேங்க. அந்த ஒண்ணுதான இருந்துச்சு," என்றாள் பூவாத்தா. குரலில் கோபமே இல்லை, நூல் அறுந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு யாரிருக்கீங்கன்னு கேட்டீங்க. நீங்கதான பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க, அதான் நான் பேசல. உள்ள வந்தீங்க. பக்கத்துலதான் இருந்தேன். என்ற மூச்சு உங்களுக்குக் கேட்டுதுங்களா, இல்லீங்களா?"

எத்தனை விளக்கு அந்த வீட்டில்! முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு மூலையாவது மிச்சம் வைத்திருந்தானா அந்தப் பாவி.

"கேக்கல," என்றாள் கோகிலவாணி.

பூவாத்தா அவள் முகத்தையே பார்த்தாள். அந்த இருட்டில் மாதக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்கள், ஒருத்தியை ஒருத்தி இப்படி நேருக்கு நேராகப் பார்ப்பது அதுதான் முதல்முறை. பார்த்து முடித்துவிட்டு, "செரிங்க்கா," என்றாள்.

சென்னியப்பன் சொம்போடு உள்ளே வந்தான். பூவாத்தா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, புருஷனைப் பார்க்காமல் சொன்னாள்: "ஏனுங்க, டீச்சர் கெளம்பறாங்க. வெயில்ல நடக்க வேண்டாம், வண்டில கொண்டுபோய் ஊட்டுல விட்டுட்டு வந்துருங்க."

"அதுக்கென்ன, வாங்க டீச்சர்," என்று அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்சீட்டைத் துண்டால் துடைத்தான். கோகிலவாணி சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தாள்.